விலையை மறைத்த சட்டம்

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது, உற்பத்தியாளர், விநியோகஸ்தர், சில்லறை வணிகர் என்னும் மூவடுக்கு முறையைப் பெரும்பாலான மாநிலங்கள் வகுத்தன. ஆலை அதிபர்களே மதுக்கூடங்களையும் கைக்குள் வைத்திருந்த பழைய நிலை திரும்பக் கூடாது என்பது நோக்கம். பிற்காலத்தில் தோன்றிய சிறு பீர் ஆலைகளையும் அவ்விதி கட்டுப்படுத்தியது.

ஜார்ஜியா மாநிலத்தில் அதன் விளைவு விந்தையானது. ஆலைக்கு வரும் வாடிக்கையாளர் பீரை விலைக்கு வாங்க இயலாது. ஆலையைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் செலுத்தினால் பீர் ‘இலவசம்’. 2015-ஆம் ஆண்டுச் சட்டம், ‘நினைவுப் பொருள்’ என்ற பெயரில் 72 அவுன்ஸ் வரை எடுத்துச்செல்ல இடமளித்தது. பெயர் எதுவாயினும் செலுத்தியது விலையே. ஆனால் விலை மறைந்திருக்கும்போது, ஒப்பிட்டு வாங்கும் வாய்ப்பை நுகர்வோர் இழக்கிறார்.

2017 செப்டம்பர் 1 முதல் நேரடி விற்பனை சட்டபூர்வமானது. ஒருவர் நாளொன்றுக்கு 288 அவுன்ஸ், அதாவது 12 அவுன்ஸ் கேன்கள் 24 வரை வாங்கிச்செல்லலாம். ஆலை நேரடியாக விற்பதற்கு ஆண்டுக்கு 3,000 பீப்பாய் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது.

மதுவின் தீங்கைக் கட்டுப்படுத்த வரியும் வயது வரம்பும் தேவை, அதில் ஐயமில்லை. சுற்றுலாச் சீட்டு அப்பணியைச் செய்யவில்லை. விநியோகஸ்தரின் பங்கையே காத்தது. பழைய விதி இன்று யாரைக் காக்கிறது என்று கேட்பது சட்டமன்றங்களின் கடமை.