தொடர்மாடியில் அயலும் நாமும்



வேலியும் வளவும் சூழ்ந்த வீடுகளில் வளர்ந்த நாம், இன்று அல் கோபாரின் தொடர்மாடிகளில் வாடகைக்கு வாழ்கின்றோம். இங்கே நமது தரை கீழ்வீட்டாரின் கூரையாகும். அக்கூரையின் கீழ் இரவுவேலை முடித்தவர் பகலில் உறங்கலாம்; பிள்ளையொன்று பரீட்சைக்குப் படிக்கலாம்.

சத்தம் இரு வழிகளில் வரும். பேச்சும் இசையும் காற்றின் வழியே கதவிடுக்குகளாற் புகும். இடுக்குகளை அடைத்தால் அவை தணியும். உரலில் இடிப்பதும் கதிரை இழுப்பதும் கட்டடத்தினூடாகவே பரவும். பிறக்கும் இடத்திலேயே அவற்றைத் தணித்தல் வேண்டும். உரலின் கீழ்த் தடித்த துணியும், கதிரைக் கால்களுக்கு இறப்பர் உறையும் பெரிதும் உதவும். படுக்கையறையில் தொடர்ந்த ஒலி இரவில் 30 டெசிபெலைத் தாண்டலாகாது என 1999இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

அயலவரின் சத்தம் வருத்தினால், சுவரில் இடிக்காது, கோபம் ஆறியபின் சலாம் கூறி, எந்நேரத்து எவ்வொலி எனத் தெளிவாகச் சொல்லுங்கள். ரமழானில் பலர் இரவில் விழித்திருப்பர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பயனில்லையெனில், நாளும் நேரமும் குறித்துக் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். சவூதி அரேபியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த பொது ஒழுக்க விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் உரத்த இசை ஒலித்தால், முறைப்பாட்டின் பேரில், முதன்முறை 500 ரியாலும் மறுமுறை 1,000 ரியாலும் தண்டமாகும். அது இறுதிப் படியாகவே இருக்கட்டும்.

இவ்விதி நமக்கும் பொருந்தும். பிறந்தநாள் விழாவுக்கு முன்னர் அயற்கதவைத் தட்டி அறிவிப்போம். சொன்ன நேரத்தில் முடிப்போம். ஊரையும் உறவையும் பிரிந்து வந்த நமக்கு, நள்ளிரவில் நோயென்றால் முதலில் ஓடிவரக்கூடியவர் அந்த அயலவரே.