நாலு நாள் பயணம், நாலு விதமான காடு

சின்னக்கானல் வழியாக மலையேறுபவர்கள் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது காலண்டரையும் கடிகாரத்தையும்.

போடிநாயக்கனூரைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக மேலேறுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் முடியும் இடத்தில் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்குகிறது. வெயிலில் காய்ந்த தேனிச் சமவெளி கீழே கிடக்க, ஏலக்காய்த் தோட்டங்களின் ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது. பூப்பாறை வழியாகச் சின்னக்கானல், மூணாறு, மறையூர், சின்னாறு என்று சுற்றி உடுமலைப்பேட்டையில் இறங்குவதுதான் திட்டம். வேகமாக ஓட்டினால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் எதையும் பார்த்திருக்க முடியாது.

கேரளாவின் 6 தேசியப் பூங்காக்களில் அமைதிப் பள்ளத்தாக்கு தவிர மற்ற ஐந்தும் இடுக்கி மாவட்டத்தைத் தொட்டே இருக்கின்றன. பூப்பாறை அருகே உள்ள மதிகெட்டான் சோலை, ஆக்கிரமிப்பு சர்ச்சைக்குப் பின் 2003இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 13 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அதிகம் வாழும் இடம் அதுதான்.

திட்டத்தின் முதல் சிக்கல் மாதம். வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் இரவிகுளம் பிப்ரவரி, மார்ச்சில் பொதுவாக மூடப்படுகிறது. அந்த மாதங்களில் புல்வெளிகளும் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் இறந்தனர். ஜூனில் பருவமழை தொடங்கிவிட்டால் வேறு ஆபத்து. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் சரிந்த மலை, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் பலியானார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். தேவிகுளம் அருகே உள்ள கேப் ரோடும் மண்சரிவால் பலமுறை மூடப்பட்டிருக்கிறது. ஆக, டிசம்பரும் ஜனவரியும்தான் ஓரளவு நிம்மதி. நீலக்குறிஞ்சி பார்க்க ஆசைப்படுபவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். கடைசியாக இங்கே மலை நிறையப் பூத்தது 2018இல்.

அடுத்தது நேரம். முதல் இரவு சின்னக்கானலில் தங்கினால் விடியும் முன்பே சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்குப் போகலாம். இந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில்; வண்டி போகும் பாதையோ கேரளாவிலிருந்து மட்டும். கரடுமுரடான அந்தப் பாதைக்குச் சொந்தக் கார் உதவாது.

திரும்பி வரும்போது ஆனையிறங்கல் அணையைப் பார்க்கலாம். பெயரே காரணம் சொல்கிறது: யானைகள் நீருக்கு இறங்கும் இடம். 2000களின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடியினருக்கு இங்கே நிலம் வழங்கி உருவாக்கப்பட்ட 301 காலனி, யானைகளின் வழியில்தான் அமைந்தது. பல குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறிவிட்டன. அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன், 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அடுத்த மாதமே அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்துக் களக்காடு-முண்டந்துறைக்கு அனுப்பியது. ஒரு யானை போனாலும் மற்றவை இங்கேதான் இருக்கின்றன. எனவே இருட்டிய பிறகு இந்தச் சாலையில் பயணம் வேண்டாம். யானை குறுக்கிட்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும்; ஹார்ன், புகைப்படம் இரண்டும் கூடாது.

மூன்றாம் நாள் இரவிகுளம். அங்கே பூங்காவுக்குள் வனத்துறை பஸ்ஸில்தான் போக முடியும். விடுமுறை நாட்களில் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும் என்பதால் வார நாளே நல்லது. நான்காம் நாள் மறையூர்: சந்தனக் காடு, வெல்லம், முனியறைகள் எனப்படும் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். அதைத் தாண்டினால் மழை மறைவுப் பகுதியான சின்னாறு. முள் மரங்கள், கள்ளி, நட்சத்திர ஆமை, சாம்பல் நிற மலை அணில் என்று காட்சி அடியோடு மாறுகிறது. காலையில் பனியில் நடுங்கியவர்கள் மதியம் வியர்க்கிறார்கள்.

சின்னாறு சாலையை மாலைக்குள் கடந்துவிட வேண்டும் என்பதால், நான்காம் நாள் கணக்கை உடுமலைப்பேட்டையிலிருந்து பின்னோக்கிப் போடுவதே சரி. கூடவே ஒரு நாள் விடுப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஒரு மண்சரிவோ யானைக் கூட்டமோ போதும், அந்த நாள் தேவைப்பட்டுவிடும்.