குரோம் ஓஎஸ்

குரோம் ஓஎஸ் என்பது கூகுள் நிறுவனம் உருவாக்கிய, இணைய உலாவியை மையமாகக் கொண்ட இயங்குதளம் ஆகும். இது லினக்ஸ் கருனியின் மீது இயங்குகிறது. இது நிறுவப்பட்ட மடிக்கணினிகள் குரோம்புக் என அழைக்கப்படுகின்றன.

வரலாறு

2007 ஆம் ஆண்டு அசுஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி 701 கணினி 7 அங்குலத் திரை, 512 மெகாபைட் நினைவகம், 4 கிகாபைட் வரையிலான சேமிப்பகம் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. இத்தகைய நெட்புக் கணினிகளுக்கு வழமையான இயங்குதளங்கள் பாரமாக இருந்தன. இந்நிலையில், சூலை 2009 இல் கூகுள் குரோம் ஓஎஸ் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் இதன் திறந்த மூல வடிவமான குரோமியம் ஓஎஸ் வெளியானது. சூன் 2011 இல் சாம்சங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தன.

செயற்பாடு

மின்னஞ்சல், ஆவணத் தொகுப்பு போன்ற பணிகளைப் பயனர் உலாவியிலேயே செய்கிறார். கோப்புகளில் பெரும்பகுதி இணைய வழங்கிகளில் சேமிக்கப்படுவதால் கணினிக்குப் பெரிய வன்தட்டு தேவைப்படுவதில்லை. கணினி தொடங்கும்போது ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்ட நிரல் மாற்றப்படாமல் உள்ளதா எனச் சரிபார்க்கிறது.

இயங்குதளத்தின் இரு படிகள் கணினியில் வைக்கப்படுகின்றன. ஒன்று இயங்கும்போது மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படுகிறது. மறுதொடக்கத்தின்போது அப்பதிப்பு பயன்பாட்டுக்கு வருகிறது. அது தொடங்கத் தவறினால் பழைய படி மீண்டும் இயங்கும்.

விமர்சனங்கள்

தம் தரவுகள் மீதான கட்டுப்பாட்டைப் பயனர்கள் இழக்க இவ்வியங்குதளம் வழிவகுக்கும் என, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு இசுட்டால்மன் 2010 இல் விமர்சித்தார். இணைய இணைப்பின்றிப் பல பணிகளைச் செய்ய இயலாமையும் தொடக்கத்தில் குறையாகக் கருதப்பட்டது. பின்னர் இணைப்பின்றி இயங்கும் செயலிகளும், 2016 முதல் ஆண்ட்ராய்டு செயலிகளும், 2018 முதல் லினக்ஸ் மென்பொருள்களும் இதில் இடம்பெற்றன.

இற்றைப்படுத்தல் காலம்

பாதுகாப்புத் திருத்தங்கள் தானியங்கு இற்றைப்படுத்தல் வழியே வருவதால், அது நின்றபின் கணினி இயங்கினாலும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பதில்லை. 2021 முதல் வெளியான குரோம்புக்குகளுக்கு 10 ஆண்டுகள் இற்றைப்படுத்தல் வழங்கப்படும் என 2023 இல் கூகுள் அறிவித்தது. இக்காலம் கணினி வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அதன் அடிப்படை வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எனவே, பழைய குரோம்புக்கை வாங்கும் மாணவருக்கு விலையைப் போலவே இக்கால எல்லையும் முக்கியமானதாகும்.

பிற வடிவங்கள்

2022 இல் வெளியான குரோம் ஓஎஸ் பிளெக்சு, விண்டோசு அல்லது மேக் இயங்குதளத்துடன் விற்கப்பட்ட பழைய கணினிகளில் நிறுவத்தக்கது. இதில் ஆண்ட்ராய்டு செயலிகள் இயங்குவதில்லை.