பாழ் வீடும் படலைக்கு வரும் தரகரும்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தின் ஏனைய ஊர்களிலிருந்தும் நாம் பூட்டிவிட்டு வந்த வீடுகள் பல இன்னும் திருத்தப்படாமலே கிடக்கின்றன. அவற்றின் சொந்தக்காரரைத் தேடித் தரகர்கள் வருகிறார்கள். "இந்தப் பாழ் வீட்டை வைத்து என்ன செய்யப் போறியள்? முதலீட்டாளர் ஒருவர் கைக்காசு தருவார்" என்கிறார்கள். கடனோடு வாடகை வீட்டில் இருப்பவருக்கு மனம் இளகத்தான் செய்யும். விற்பது பிழையன்று, ஆராயாமல் விற்பதே ஆபத்து.

முதலாவது, விலை. தரகர் நிலத்துக்கு மட்டுமே விலை பேசுவார். வீடு பெறுமதியற்றது என்பார். ஆனால் நாற்சார் வீட்டின் வைரம் பாய்ந்த பனை வளைகள், சிலாகைகள், கதவு நிலைகள், ஓடுகள் எல்லாம் கழற்றி விற்கக் கூடியவை. வளவில் நன்னீர்க் கிணறு இருந்தால் அதுவும் தோட்டக்காரனுக்குச் சொத்தே. இவற்றைத் தனித்தனியே எழுதிக் கணக்குப் பாருங்கள். அயலில் ஒரு பரப்பு என்ன விலைக்குப் போனது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.

இரண்டாவது, உரித்து. தகப்பன் பெயரில் உள்ள காணியில் வெளிநாட்டிலிருக்கும் சகோதரருக்கும் பங்குண்டு. தேசவழமைப்படி பிரிக்கப்படாத பங்கை விற்பவர், முதலில் சக பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் சட்டமும் இதை வலியுறுத்துகிறது. சீதனக் காணி மனைவியுடையது. அவர் கையொப்பமின்றிக் கணவர் அதை விற்க முடியாது. அனுமதிப்பத்திரக் காணியாயின் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, கையொப்பம். காணி விற்பனை நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுத்தில் நடக்க வேண்டும் என்பது 1840 முதல் உள்ள சட்டம். வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள். தரகருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தால், விலையையும் வாங்குபவரையும் அவரே தீர்மானிக்கக் கூடும். உண்மையில் வாங்குபவர் யார் என்று கேளுங்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது.

உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடலாம். தரகர் காட்டும் நொத்தாரிசை விட்டு, நீங்களே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். காணியைக் குத்தகைக்குக் கொடுக்க முடியுமா என்றும் குடும்பமாக இருந்து கதையுங்கள். கைக்காசு சில மாதத்தில் கரைந்துவிடும். திரும்பிப் போய்ப் பயிரிட ஒரு துண்டு நிலம் வேண்டுமா என்பதை, பிள்ளைகளையும் கேட்டு முடிவெடுப்போம்.