ஸ்லீவா, பைபாஸா?

2024 ஏப்ரலில், செங்கல்பட்டு மாவட்டம் பம்மலில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அந்தத் துயரத்துக்குப் பிறகு, எந்த மருத்துவமனை என்பதோடு எந்த அறுவை என்றும் கேட்டாக வேண்டும்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் வெட்டப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசியே மட்டுப்படும். ஆனால் குறுகிய குழாயில் அழுத்தம் கூடி அமிலம் மேலேறும். நடுராத்திரி புளியேப்பமும் நெஞ்செரிச்சலுமாக எழுந்து உட்காருபவருக்கு இது பெரும்பாலும் சரிவராது.

அவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராதவருக்கும் பைபாஸ்தான் மேல் என்பேன். இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைப்பதால், உணவு அதன் முற்பகுதியைத் தொடாமல் இறங்குகிறது. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. எடை குறையுமுன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கும். பதிலுக்கு இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம்.

ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-ஐ எட்டினாலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது 2022 சர்வதேச வழிகாட்டுதல். எதுவானாலும் முதலில் எண்டோஸ்கோபி பார்த்துவிடுங்கள். ஐசியு அங்கேயே இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.