கொல்லை மூங்கில்: வெட்டும் முறையும் பயன்பாடுகளும்

கொல்லை மூங்கில் என்பது வீட்டின் பின்புறத்திலோ வயல் ஓரத்திலோ குடும்பத்தின் சொந்தத் தேவைக்காக வளர்க்கப்படும் மூங்கில் குத்தைக் குறிக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளி ஊர்களிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் ஏணி, தொரட்டி, பந்தல், கூடை, வேலி எனப் பல தேவைகளுக்கு மூங்கில் பயன்படுகிறது. ஒரு குத்து நன்கு பராமரிக்கப்பட்டால் பல பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் கழிகளைத் தரும். முறையின்றி வெட்டினால் சில ஆண்டுகளிலேயே குத்து நலிந்துவிடும். வெட்டிய கழிகளும் உளுத்துப் போகும்.

மூங்கிலின் இயல்பு

மூங்கில் மரம் அன்று. நெல், கரும்பு ஆகியவற்றைப் போலப் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. பழந்தமிழில் இதற்கு வேய், கழை, அமை, வெதிர் முதலிய பெயர்கள் உண்டு. நிலத்தடியில் உள்ள கிழங்கு போன்ற தண்டிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தில் புதிய குருத்துகள் முளைக்கின்றன. ஒரு குருத்து சில மாதங்களுக்குள் தன் முழு உயரத்தை அடைந்துவிடும். மரத்தைப் போல ஆண்டுக்கு ஆண்டு பருக்காது. முளைக்கும்போது எவ்வளவு பருமனோ, அதுவே அதன் இறுதிப் பருமன்.

பருமன் கூடாவிட்டாலும் கழியின் உறுதி கூடுகிறது. முதல் ஆண்டில் நீர்ப்பதமாகவும் மென்மையாகவும் இருக்கும் கழி, மூன்றாம் நான்காம் ஆண்டில் முற்றி வைரம் பாய்கிறது. எந்தக் கழியை எப்போது வெட்டுவது என்பதற்கு இந்த இயல்பே அடிப்படை.

கல்வராயன் மலையும் மூங்கிலும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு வெள்ளிமலை முதன்மையான ஊராகும். கோமுகி ஆறு இம்மலையில் தோன்றிக் கச்சிராயபாளையம் அருகேயுள்ள அணையை வந்தடைகிறது.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலைமேல் ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள மக்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். சாமை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். மூங்கில் பிளாச்சுகளை வரிசையாகக் கட்டி, இருபுறமும் மண் பூசிச் சுவர் எழுப்பி, மேலே புல் வேய்வது இம்மலைப் பகுதிகளின் பழைய வீடு கட்டும் முறையாகும்.

வளர்க்கப்படும் வகைகள்

* முள் மூங்கில் (பெருமூங்கில்): உயரமானது, உட்கூடு அகன்றது. அடிப்பகுதிக் கிளைகளில் வளைந்த கூரிய முட்கள் இருக்கும். வேலி ஓரத்துக்கு ஏற்றது. குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு ஏற்றதன்று.
* கல் மூங்கில்: பருமன் குறைவு. வறண்ட இடங்களில் உட்கூடு மிகச் சிறியதாகவோ, முற்றிலும் கெட்டியாகவோ இருக்கும். கைத்தடி, கருவிப் பிடி, முட்டுக்கழி ஆகியவற்றுக்குச் சிறந்தது.
* மஞ்சள் மூங்கில்: அழகுக்காக வளர்க்கப்படுவது. மாவுச்சத்து மிகுதி என்பதால் விரைவில் உளுக்கும்.
* பால்கோவா மூங்கில்: முள்ளற்ற, பருத்த வகை. வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்து இப்போது தமிழக விவசாயிகளிடமும் பரவியுள்ளது.

இவை அனைத்தும் குத்தாக வளர்பவை. தொலைவில் ஓடி முளைக்கும் இயல்பு இவற்றுக்கு இல்லை. இருப்பினும் குத்து ஆண்டுதோறும் வெளிப்பக்கமாக விரிவதால் வீட்டுச் சுவர், கிணறு, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து தள்ளி நடுவது நல்லது.

வெட்டும் வயதும் காலமும்

கழியின் வயதை நிறமும் மேல்தோலும் காட்டும். ஓராண்டுக் கழியில் கணுக்களைச் சுற்றி உறைகள் ஒட்டியிருக்கும். தண்டின்மேல் வெண்பொடி படிந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் உறைகள் பெரும்பாலும் உதிர்ந்து, தண்டு பளிச்சென்ற பச்சையாக இருக்கும். மூன்று ஆண்டுகளைக் கடந்த கழி பளபளப்பு குறைந்து மங்கி, பாசிப் புள்ளிகளுடன் காணப்படும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கணீரென ஒலிக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிய கழிகளில் சாயம் கொண்டு ஆண்டைக் குறித்து வைத்தால் ஐயமே எழாது.

வெட்டும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. கட்டுமானத்துக்கும் ஏணிக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட கழிகளையே வெட்ட வேண்டும். ஓராண்டு, ஈராண்டுக் கழிகளே அடுத்த குருத்துகளுக்கு உணவு தருபவை.
2. குருத்து முளைத்து வளரும் மழைக்காலத்தில் வெட்டக் கூடாது. மழை ஓய்ந்த பின் வரும் தை, மாசி மாதங்கள் ஏற்றவை.
3. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கணுக்களுக்கு நடுவே வெட்டினால் அடிக்கட்டையில் மழைநீர் தேங்கிக் கிழங்கு அழுகும்.
4. முதிர்ந்த கழிகள் குத்தின் நடுவிலும் இளையவை ஓரத்திலும் இருக்கும். எளிதாக எட்டுகிறது என்று ஓரக் கழிகளை வெட்டுவதே பரவலான தவறு. குத்தின் ஒரு பக்கத்தில் வழி திறந்து, லாட வடிவில் உள்ளே சென்று முதிர்ந்தவற்றை எடுக்க வேண்டும்.

தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் உண்டு. நாள் எதுவானாலும் கழியின் வயதும் பருவமும் சரியாக இருப்பதே முதன்மையானது. புதருக்குள் பாம்பு தங்கக்கூடும் என்பதால் முதலில் கழியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்திபோல அறுக்கும் என்பதால் கையுறை தேவை.

உளுத்தலும் பதப்படுத்தலும்

மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்னவே துளைக்கும் வண்டுகள் வருகின்றன. கழியின் அடியில் மஞ்சள் கலந்த நுண்பொடி கொட்டிக் கிடப்பது உளுப்பின் அடையாளம். இதைத் தடுக்க மூன்று முறைகள் உள்ளன.

* நீரில் ஊறவைத்தல்: வெட்டிய கழிகளைக் குளத்திலோ ஓடையிலோ கல் ஏற்றி, சில வாரங்கள் மூழ்க வைப்பர். மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறும். செலவற்ற பழைய முறை இது.
* புகையூட்டல்: சிறு கழிகள், கூடைகள் ஆகியவற்றை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தல்.
* போரான் உப்புக் கரைசல்: 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் அமிலம் என்ற அளவில் கரைத்து, கணுத் தடுப்புகளைக் கம்பியால் துளைத்த கழிகளை ஒரு வாரத்துக்கு மேல் மூழ்க வைத்தல். இவ்வாறு பதப்படுத்திய மூங்கிலைச் சமையலுக்கோ உணவு வைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

எம்முறையானாலும் பின்னர் நிழலில் சாய்த்து நிறுத்தி உலர்த்த வேண்டும். நேர்வெயிலில் போட்டால் வெடிக்கும். பதப்படுத்தாத கழியை மண்ணில் நட்டால் ஓரிரு ஆண்டுகளில் அடி இற்றுவிடும். கூரைக்குக் கீழே, ஈரம் படாமல் இருந்தால் அதே கழி பல ஆண்டுகள் உழைக்கும். போரான் உப்பு மழையில் கரைந்து போவதால், அக்கரைசலில் ஊறிய கழியும் மண்ணில் நடுவதற்கு ஏற்றதன்று.

பயன்பாடுகள்

வேளாண்மை: புடலை, பாகல், அவரை ஆகியவற்றுக்குப் பந்தல், தக்காளிக்கு ஊன்றுகோல், குலை தள்ளிய வாழைக்கு முட்டு, புளி உலுக்கவும் முருங்கை பறிக்கவும் தொரட்டி எனக் கழியின் தேவை ஆண்டு முழுவதும் உண்டு. தொரட்டிக்கு நுனிப்பகுதியும், முட்டுக்கு நடுப்பகுதியும், பந்தல்காலுக்குப் பருத்த அடிப்பகுதியும் பொருந்தும்.

வீடும் வேலியும்: இரண்டு நெடுங்கழிகளில் துளையிட்டுக் குறுக்குப் படிகளைச் செருகி ஏணி செய்யப்படுகிறது. துளையைக் கணுவை ஒட்டி இட்டால் கழி பிளவுபடாது. பிளாச்சுகளைப் பின்னிப் படல், தட்டி, ஆட்டுப்பட்டி ஆகியவை அமைக்கப்படுகின்றன. முள் மூங்கிலின் அடிக்கிளைகள் வேலியில் செருகப்படும்.

முடைவேலை: கூடை, முறம், தட்டு, கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம், மீன் பிடிக்கும் ஊத்தா முதலியவை மூங்கில் சிம்புகளால் முடையப்படுகின்றன. இதற்கு மட்டும் முற்றிய கழி உதவாது. நன்கு வளையக்கூடிய இளங்கழியைப் பச்சையாகவே பிளக்க வேண்டும். தோல்பக்கச் சிம்பு வலிமையானது. உட்பக்கச் சிம்பு எளிதில் ஒடியும்.

சமையலறை: பதப்படுத்தாத கணுக்குழாயில் புட்டு அவிக்கலாம். அடுப்பு ஊதும் ஊதுகுழல், கரண்டி ஆகியவையும் செய்யலாம். மூங்கிலை விறகாக்கும்போது பிளந்தே இட வேண்டும். மூடிய கணுவறைக்குள் காற்றும் ஈரமும் சூடேறி விரிந்து, கழி வெடித்துத் தெறிக்கும்.

கழிவுகள்: இலை ஆடுமாடுகளுக்குத் தீவனமாகும். உதிர்ந்த சருகைக் குத்தின் அடியிலேயே பரப்பினால் ஈரம் காத்து உரமாகும்.

உணவாகப் பயன்படுத்தல்

இளங்குருத்து உண்ணத்தக்கது. ஆனால் பச்சைக் குருத்தில் சயனைடை வெளியிடும் வேதிப்பொருள் உள்ளது. கசப்பு மரவள்ளியிலும் இதே வகையான நஞ்சு உண்டு. எனவே குருத்தின் உறையை நீக்கி, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நன்கு கொதிக்க வைத்து, நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை வேகவைத்த பின்னரே சமைக்க வேண்டும். எடுக்கப்படும் ஒவ்வொரு குருத்தும் வருங்காலக் கழி ஒன்றின் இழப்பு என்பதால் அளவோடு எடுப்பதே முறை.

மூங்கிலரிசி என்பது மூங்கிலின் விதை. குத்து பூக்கும்போது மட்டுமே கிடைக்கும். உமி நீக்கிய விதை கோதுமையை ஒத்த பழுப்பு நிறமுடையது. பச்சை நிறமூட்டிய சாதாரண அரிசியும் இதே பெயரில் சந்தையில் விற்கப்படுவதுண்டு.

பூத்தலும் மடிதலும்

முள் மூங்கில் ஏறத்தாழ 40 முதல் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, குத்து முழுவதுமாக மடியும். கிழங்கைப் பிரித்து நட்ட கன்றுக்கும் தாய்க்குத்தின் வயதே தொடர்கிறது. முப்பத்தைந்து வயதுக் குத்திலிருந்து எடுத்த கன்று, நட்ட சில ஆண்டுகளிலேயே தாயுடன் சேர்ந்து பூக்கக்கூடும். இதனால் கன்று வாங்கும்போது அது விதையில் முளைத்ததா, பழைய குத்திலிருந்து பிரித்ததா என்று கேட்டறிவது அவசியம்.

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்ற சொல்லுக்கு மிசோரம் சான்றாகும். அங்கு 1958-59 இல் மூங்கில் பெருமளவில் பூத்தபோது, விதையைத் தின்று பெருகிய எலிகள் பின்னர் பயிர்களை அழித்தன, பஞ்சம் ஏற்பட்டது. அதே மூங்கில் 2006-2008 காலத்தில் மீண்டும் பூத்தது. கொல்லையில் ஒரு குத்து பூப்பதால் அவ்வாறு நேராது. ஆயினும் காய்ந்த குத்து எளிதில் தீப்பற்றும் என்பதால் விதை உதிர்ந்தவுடன் அதை வெட்டி அகற்ற வேண்டும்.

சட்டநிலை

1927 ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றே வரையறுத்திருந்தது. 2017 இல் செய்யப்பட்ட திருத்தம், மரம் என்னும் வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. வனம் அல்லாத நிலங்களில் மூங்கில் வளர்ப்பை ஊக்குவிப்பதே இதன் நோக்கம். தமிழ்நாட்டில் 1882 ஆம் ஆண்டின் வனச் சட்டம் தனியாக நடைமுறையில் உள்ளது. எனவே கொல்லை மூங்கிலை விற்பனைக்காக வண்டியில் ஏற்றிச் செல்வோர், பட்டா நகலுடன் முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிவது பாதுகாப்பானது.

காட்டில் வளரும் மூங்கிலின் நிலை வேறு. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக வகைப்படுத்தி, உரிமை பெற்ற பழங்குடியினரும் பிற பாரம்பரிய வனவாசிகளும் அதைச் சேகரித்து விற்க வழிசெய்கிறது. மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தின் மேந்தா லேகா சிற்றூர் 2011 இல் இவ்வுரிமையின்படி மூங்கிலை விற்கும் அனுமதியைப் பெற்றது. கல்வராயன் மலை போன்ற இடங்களில் வீடும் காடும் அடுத்தடுத்து இருப்பதால், மூங்கில் நிற்பது பட்டா நிலத்திலா வன நிலத்திலா என்பதே வெட்டுபவரின் உரிமையை முடிவு செய்கிறது.

இன்றைய நிலை

நெகிழிக் கூடை, இரும்பு ஏணி, நைலான் வலை ஆகியவற்றின் வரவால் மூங்கில் பொருள்களின் தேவை குறைந்துள்ளது. அத்துடன் சிம்பு பிளக்கவும் கூடை முடையவும் தெரிந்தோர் எண்ணிக்கையும் சுருங்குகிறது. இந்திய அரசு 2006-07 இல் தேசிய மூங்கில் இயக்கத்தைத் தொடங்கி, 2018-19 இல் அதை மறுசீரமைத்தது. செப்டம்பர் 18 உலக மூங்கில் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பந்தலுக்கும் முட்டுக்கும் வேலிக்கும் கழியை விலைக்கு வாங்கும் குடும்பத்துக்கு, முதிர்ந்ததை எடுத்து இளையதை விட்டுவைக்கும் முறையில் பேணப்படும் ஒரு குத்து, நடைமுறையில் ஓர் ஆண்டு வருமானத்துக்கு நிகரானது.