தழைச்சத்து குறைந்தபோது: டென்மார்க் கோதுமையின் புரதக் கணக்கு

தானியத்தின் புரதத்தை அளக்க உலகம் நெடுங்காலமாகக் கையாளும் முறை டென்மார்க்கில் உருவானது. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் யோஹான் கெல்டால் அதை 1883இல் வெளியிட்டார். மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, கோதுமையானால் 5.7ஆலும் பொதுவான தீவனமானால் 6.25ஆலும் பெருக்கினால் புரதம் கிடைக்கும். உண்மையில் அளக்கப்படுவது நைட்ரஜன்தான். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனைக் கொண்ட மெலமினைப் பாலில் கலந்து சீனத்தில் 2008 வரை சோதனையை ஏமாற்ற முடிந்ததும் இதனால்தான்.

எக்டேருக்கு 8 டன் விளையும் ஒரு கோதுமை வயலை எடுத்துக்கொள்வோம். ஈரம் 15 விழுக்காடு போனால் உலர் எடை 6.8 டன். அதில் புரதம் 1 விழுக்காட்டுப் புள்ளி கூடினால் எக்டேருக்கு 68 கிலோ புரதம் கூடும். 5.7ஆல் வகுத்தால், அது மணியில் 11.9 கிலோ நைட்ரஜன். கூடுதலாக இட்ட உரத்தில் பாதி மணியில் சேர்கிறது என்று கொண்டால் 23.8 கிலோ இட வேண்டும். 46 விழுக்காடு தழைச்சத்துள்ள, அதாவது நைட்ரஜனுள்ள, நம் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆக, ஒரு புள்ளி புரதத்தின் விலை எக்டேருக்கு ஏறத்தாழ 1.15 மூட்டை.

இந்த மூட்டைக்குத்தான் டென்மார்க் அரசு வரம்பு வைத்தது. வயல்களிலிருந்து கசியும் நைட்ரஜன் கடலையும் எட்டுகிறது. 1986இல் டென்மார்க்கை ஒட்டிய காட்டெகாட் கடலில் ஆக்சிஜன் குறைந்து கடலுயிர்கள் செத்தன. 1987இல் வந்த முதல் நீர்ச்சூழல் திட்டம், நைட்ரஜன் கசிவை 50 விழுக்காடும் பாஸ்பரஸ் வெளியேற்றத்தை 80 விழுக்காடும் குறைக்க இலக்கு வைத்தது. 1998இன் இரண்டாம் திட்டம், பயிருக்கு இடும் தழைச்சத்தை லாபகரமான உச்ச அளவைவிட 10 விழுக்காடு குறைவாக நிர்ணயித்தது. 2015 வாக்கில் அந்த இடைவெளி 20 விழுக்காட்டை நெருங்கியது. 1990இல் சுமார் 4 லட்சம் டன்னாக இருந்த ரசாயன நைட்ரஜன் பயன்பாடு, 2010 வாக்கில் சுமார் 2 லட்சம் டன்னாகச் சரிந்தது. விளைச்சல் பாதியாகிவிடவில்லை. தொழுவக் கழிவின் சத்தைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்ற விதி அந்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டியது. பன்றிக் கழிவுக் குழம்பின் நைட்ரஜனில் 75 விழுக்காடு பயிருக்குப் பயன்பட்டதாகவே கணக்கு வைக்க வேண்டியிருந்தது.

மணியின் புரதமோ இறங்கியது. 1990களின் தொடக்கத்தில் 11 முதல் 12 விழுக்காடாக இருந்தது, 2010களின் நடுவில் 9 விழுக்காட்டை ஒட்டி வந்தது. பழியை முழுவதும் உரவரம்பின் மீது போட முடியாது. அதிக மாவுச்சத்தைச் சேர்க்கும் புதிய ரகங்களிலும் புரத விழுக்காடு தாழும். எனவே உரத்தால் குறைந்தது 2 புள்ளி மட்டும் என்று எச்சரிக்கையாக வைப்போம். எக்டேருக்கு 136 கிலோ புரதம் குறையும். 45 விழுக்காடு புரதமுள்ள சோயாப் புண்ணாக்கில் அதை ஈடுசெய்ய 302 கிலோ வேண்டும். சுமார் 6 லட்சம் எக்டேர் கோதுமைக்கு 1.81 லட்சம் டன். டென்மார்க்கின் தானியத்தில் பெரும்பங்கு பன்றித் தீவனமாவதால் இது வெறும் காகிதக் கணக்கு அல்ல.

ஆனாலும் இந்த ஈட்டுக்கணக்கு முழுமையானதல்ல. பன்றிக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்ற அமினோ அமிலம். கோதுமைப் புரதத்தில் அது ஏறத்தாழ 3 விழுக்காடுதான். சோயாப் புரதத்தில் 6 விழுக்காட்டைத் தாண்டும். தழைச்சத்தைக் கூட்டும்போது மணியில் அதிகம் சேர்வது லைசின் குறைந்த குளூட்டன் வகைப் புரதங்கள். ரொட்டி சுடுபவருக்கு அது நல்லது. பன்றி வளர்ப்பவருக்கு ஆதாயம் குறைவு. பீருக்கு மால்ட் செய்யும் வாற்கோதுமையிலோ புரதம் 11 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆலைகள் முகம் சுளிக்கும்.

2015 டிசம்பரில் அரசு உணவு-வேளாண் தொகுப்பை அறிவித்தது. வரம்பின் இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு 2016இலும் எஞ்சியது 2017இலும் நீக்கப்பட்டன. அதன் சூழல் விளைவைக் காட்டிய எண்கள் மீது எழுந்த சர்ச்சையில் அமைச்சர் ஏவா கியர் ஹான்சன் 2016 பிப்ரவரியில் பதவி விலகினார். கணக்கைத் திறந்துவைக்காத அரசுக்கு அது நியாயமான விலை.

2024 நவம்பரின் முத்தரப்புப் பசுமை ஒப்பந்தம், கடலுக்குச் சேரும் நைட்ரஜனை ஆண்டுக்கு 13,780 டன் குறைக்க வேண்டும் என்கிறது. சுமார் 26 லட்சம் எக்டேர் விளைநிலத்துக்குப் பகிர்ந்தால் எக்டேருக்கு 5.3 கிலோ. இது கடலில் அளக்கும் எடை. வயலில் இடுவதில் சிறு பகுதியே கடலை எட்டுவதால், உரத்தை மட்டும் குறைத்து இதை அடைய வேண்டுமானால் வயலில் குறைக்க வேண்டிய அளவு இதைப்போல் பல மடங்காகும். அதனால்தான் ஒப்பந்தம் மூட்டையை விட்டு நிலத்தின் பக்கம் திரும்பி, 2.5 லட்சம் எக்டேரைக் காடாக்கச் சொல்கிறது.